விபிஆரா, சிபிஆரா? பாட்டை எம்பி3 ஆக்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

“320 இருக்கா?” என்று கேட்காத பாட்டுப் பைத்தியம் கிடையாது. ஒரு பாட்டை அனுப்பினால் முதல் வேலையாக ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிட் ரேட்டை, அதாவது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்பதைப் பார்க்கிறார்கள். அங்கே 320 என்று இருந்தால் முகம் மலர்கிறது, 238 என்று ஏதோ அரைகுறை எண் இருந்தால் “என்னப்பா, கம்மி தரத்துல அனுப்பிட்ட” என்று பதில் வருகிறது. அந்த 238 சிடியிலிருந்து நேராக எடுத்ததாகவும், 320 எங்கிருந்தோ இறக்கிய 128-ஐ ஊதிப் பெருக்கியதாகவும் இருக்கலாம் என்பதுதான் இதில் வேடிக்கை. காதுக்கு முன்னது நல்லது, எண்ணைப் பார்ப்பவருக்குப் பின்னது.

கையில் சிடியோ கேசட்டோ ஃப்ளாக் ஃபைலோ (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) வைத்துக்கொண்டு அதைக் காருக்கும் போனுக்கும் எம்பி3 ஆக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேசப்போவது பெரும்பாலும் லேம் என்கிற என்கோடரை, அதாவது ஒலியை எம்பி3 ஆகச் சுருக்கும் மென்பொருளை வைத்து. 1998-ல் தொடங்கியது, இலவசம். ஆடாசிட்டி, ஃப்ரீஏசி, ஃபூபார்2000 என்று எதில் எம்பி3 செய்தாலும் உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பது லேம்தான்.

அவசரக்காரர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்க விபிஆர், அதாவது மாறும் பிட் ரேட், அதிலும் லேமின் தர அளவுகளான வி0 அல்லது வி2. மணிக்கணக்கில் நீளும் கச்சேரியோ சொற்பொழிவோ ஒரே ஃபைலாக வேண்டுமென்றால் சிபிஆர், அதாவது நிலையான பிட் ரேட். இணைய ரேடியோவுக்கும், அடம்பிடிக்கும் பழைய கார் ஸ்டீரியோவுக்கும் அதே சிபிஆர். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

சிடியில் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411 கிலோபிட் சொச்சம். இதை 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மீதியை எம்பி3 தூக்கிப் போட்டுவிடுகிறது, காதுக்குப் பிடிபடாது என்று அது நினைப்பதை முதலில். 150 பாட்டு ஒரே சிடியில் என்று ஒரு காலத்தில் கடைகளில் தொங்கியதே எம்பி3 சிடி, அதன் கணக்கும் இதுதான். 5 நிமிடப் பாட்டு 128-ல் 4.8 எம்பி, 700 எம்பி சிடியில் கிட்டத்தட்ட 145 பாட்டு.

எம்பி3 பாட்டைச் சின்னச் சின்ன ஃபிரேம்களாக வெட்டி வைக்கிறது. ஒரு ஃபிரேமில் 1,152 சாம்பிள், நேரத்தில் சொன்னால் 26 மில்லிவிநாடி, ஆக விநாடிக்கு 38 ஃபிரேம் சொச்சம். ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் “என் பிட் ரேட் இவ்வளவு” என்று தனியாக எழுதியிருக்கும். 32-இல் தொடங்கி 40, 48, 56 என்று ஏறி 256, 320 வரை மொத்தம் 14 அளவுகள். ஃபிரேமுக்கு ஃபிரேம் இந்த எண் மாறலாம் என்று எம்பி3 தரநிர்ணயமே இடம் கொடுக்கிறது. விபிஆர் ஏதோ பின்னால் ஒட்டவைத்த தந்திரம் இல்லை.

சிபிஆர் என்றால் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே எண். 128 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 417 அல்லது 418 பைட். பாடகர் மூச்சு விடும் இடைவெளிக்கும் அதே 418, முப்பது வயலினும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும் இடத்துக்கும் அதே 418. அளவுச் சாப்பாடு போல, பசியே இல்லாதவருக்கும் அதே கிண்ணம்தான், மூட்டை தூக்கிவிட்டு வந்தவருக்கும் அதே கிண்ணம்தான். விபிஆர் கல்யாணப் பந்தி, இலையைப் பார்த்துப் பரிமாறும்.

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். “நிலையான” என்ற சொல்லைக் கேட்டதும் தரம் நிலையாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். சிபிஆரில் நிலையாக இருப்பது அளவு, அதனால் தரம் ஏறி இறங்கும், எளிய இடத்தில் தேவைக்கு மேல், கடினமான இடத்தில் தேவைக்குக் கீழ். விபிஆரில் நீங்கள் பிடித்து வைப்பது தரத்தை, அதனால் அளவு ஏறி இறங்கும். நீங்கள் எதைக் கட்டிப்போட விரும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

சிபிஆருக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்ல வேண்டும். அது முழுக்க முழுக்கக் கறாரானது இல்லை, சிறுவாடு சேர்க்கிற பழக்கம் அதற்கும் உண்டு. எளிய ஃபிரேமில் மிச்சமான பிட்களை ஒதுக்கி வைத்துப் பின்னால் வரும் கடினமான ஃபிரேமுக்குக் கொடுக்கும். ஆனால் அந்தச் சேமிப்புக்கு உச்சவரம்பு 511 பைட். 128-ல் ஒரு ஃபிரேமின் அளவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தாளத்தில் நாலு அடி வேகமாக விழுந்தால் காலி.

கண்ணால் பார்த்துவிடலாம்

என்னிடம் ஒரு நாகஸ்வர சிடி இருக்கிறது. அதை வி0-வில் மாற்றி ஃபூபாரில் ஓடவிட்டுக் கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு விநாடி முழு அமைதி, எண் 32-இல் நிற்கிறது. ஒத்து தொடங்கியதும் குபீரென்று ஏறி இருநூறைச் சுற்றி ஆடுகிறது. ஒரே சுருதி சும்மா நீள்கிறதே, அதற்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும், ஆனால் அந்த ஒலிக்குள் அடுக்கடுக்காக மேல்சுருதிகள் இருக்கின்றன, தம்புராவிலும் இதே கதைதான். இப்படித் தெளிவான சுருதியுள்ள ஒலி, பிழைகளை மூடி மறைக்காது, அதனால் என்கோடர் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் தவில் விழுகிறது, எண் போய் 320-ஐ முட்டுகிறது.

தவிலுக்கு ஏன் அப்படி? எம்பி3 ஒலியை 576 சாம்பிள் கொண்ட துண்டுகளாகப் பார்த்துக் கணக்குப் போடுகிறது, ஒரு துண்டு சுமார் 13 மில்லிவிநாடி. துண்டின் கடைசியில் ஒரு அடி விழுந்தால், சுருக்குவதால் வரும் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே ஒரு “ஷ்” கேட்கும். முன் எதிரொலி என்று சொல்லலாம். அடி தட்டென்று விழாமல் சேற்றில் விழுந்த மாதிரி இருக்கும். இதைத் தவிர்க்க என்கோடர் துண்டை மூன்றாக நறுக்குகிறது, அப்படி நறுக்கினால் பிட் அதிகம் செலவாகும். 128 சிபிஆரில் அந்தச் செலவுக்குக் காசு இல்லை. ஜால்ரா, தவில், கஞ்சிரா, கைதட்டல் எல்லாம் மலிவான எம்பி3-இல் தகரம் மாதிரி கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நேர்மாறான உதாரணம், 1950, 60களின் படப் பாடல்கள். அவை மோனோவில் பதிவானவை, சிடியில் இரண்டு சேனலிலும் ஒரே ஒலிதான் இருக்கும். ஜாயின்ட் ஸ்டீரியோ என்கிற முறையில் லேம் இரண்டு சேனலின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் தனித்தனியாக வைக்கிறது. இங்கே வித்தியாசம் பூஜ்யம், ஆகவே பாதி வேலை மிச்சம், விபிஆரில் பிட் ரேட் தானாகவே நன்றாக இறங்கிவிடும். அதே பாட்டை 320 சிபிஆரில் போட்டால் ஃபிரேம்களில் பெரும்பகுதி வெறும் நிரப்பல்தான். ஜாயின்ட் ஸ்டீரியோ என்றால் ஸ்டீரியோ போய்விடும் என்று பயந்து அதை அணைத்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

முதல் படி: மூலம் சுத்தமா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் வீண். ஏற்கெனவே எம்பி3 ஆனதை மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள். 128-ஐ 320 ஆக்கினால் போன ஒலி திரும்பி வராது, முதல் சுருக்கத்தின் பிழைகளோடு இரண்டாவது சுருக்கத்தின் பிழைகளும் சேர்ந்து, ஃபைல் மட்டும் இரண்டரை மடங்கு பெருக்கும். காணொளித் தளங்களிலிருந்து எடுக்கும் ஒலியும் அங்கேயே சுருக்கப்பட்டதுதான்.

சந்தேகம் இருந்தால் ஸ்பெக் என்ற சின்ன இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டுப் பாருங்கள். ஒலியை வண்ணப் படமாகக் காட்டும், மேலே போகப் போக அதிர்வெண் கூடும். லேமின் 128 சுமார் 17 கிலோஹெர்ட்ஸில் வெட்டிவிடும், 320 சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை விடும். புதிய பாட்டு ஒன்று 320 என்று சொல்லிக்கொண்டு 16-இலேயே கத்தியால் வெட்டியது போல் நின்றால், அது ஊதிப் பெருக்கிய சரக்கு. பழைய பாட்டுகளிலும் கேசட்டிலிருந்து எடுத்தவற்றிலும் மட்டும் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அவற்றில் அந்த உயரத்தில் முதலிலிருந்தே ஒன்றும் இருக்காது.

இரண்டாவது படி: முதலில் ஃப்ளாக், அப்புறம்தான் எம்பி3

சிடியை நேராக எம்பி3 ஆக்கிவிட்டு சிடியைப் பரணில் போட்டு, ஐந்து வருடம் கழித்து “வேறு அளவில் வேண்டுமே” என்று பரணில் ஏறியவன் நான். பாதி சிடியில் பூஞ்சை. சிடியிலிருந்து எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது ஃப்ரீஏசி வைத்து முதலில் ஃப்ளாக் ஆக எடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். ஃப்ளாக் எதையும் தூக்கிப் போடாமல் சுருக்கும். அதிலும் 0 முதல் 8 வரை நிலைகள் உண்டு, அவை தரத்தைத் தொடாது, ஃபைல் அளவையும் சுருக்க எடுக்கும் நேரத்தையும் மட்டும்தான் மாற்றும். ஃப்ளாக் கையில் இருந்தால் விபிஆரா சிபிஆரா என்ற முடிவு ஆயுள் முடிவு இல்லை, நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

கேசட் என்றால் ஒரு வேலை கூடுதல். ஆடாசிட்டியில் பதிவு செய்த பிறகு, பாட்டு மோனோவாக இருந்தால் இரண்டு சேனலையும் கலந்து மோனோ ஆக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் வரும் நாடா இரைச்சல் ஒன்றோடொன்று பொருந்தாதது, கலக்கும்போது பாட்டோடு ஒப்பிட்டால் மூன்று டெசிபல் வரை குறையும். விபிஆருக்கும் இது முக்கியம். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது, ஒழுங்கில்லாததைச் சுருக்குவது கடினம், ஆகவே பாட்டுக்குப் போக வேண்டிய பிட்களை “ஸ்ஸ்ஸ்” சத்தம் தின்றுவிடும். கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு வி0-வில் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது படி: எங்கே கேட்கப் போகிறீர்கள்

போனிலும் கணினியிலும் என்றால் யோசிக்கவே வேண்டாம், விபிஆர். இன்றைய பிளேயர்களில் அதைப் படிக்கத் தெரியாதது என்று ஒன்றை நான் பார்க்கவில்லை.

கார் என்றால் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் பழைய காரில் இருந்த ஸ்டீரியோ 5 நிமிடப் பாட்டை 9 நிமிடம் 34 விநாடி என்று காட்டும், பாதி நேரம் காட்டும்போது பாட்டு முடிந்துவிடும். என்னடா மாயம் என்று கணக்குப் போட்டால் காரணம் எளிது. அது முதல் ஃபிரேமை மட்டும் பார்த்துவிட்டு மொத்த ஃபைலையும் அதே எண்ணால் வகுக்கிறது. பாட்டின் சராசரி 245, முதல் ஃபிரேமில் இருந்தது 128. 300 விநாடியை 245-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்தால் 574 விநாடி, அதாவது 9 நிமிடம் 34 விநாடி. பாட்டு கேட்க இது தடை இல்லை, ஆனால் நடுவில் தாவினால் எங்கோ போய் விழும். இந்த மாதிரி வண்டிக்கு 256 சிபிஆர் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை அரிது.

நீளமான ஃபைல்கள்தான் விபிஆரின் உண்மையான பலவீனம். விபிஆர் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு தலைப்பு ஃபிரேம் இருக்கும், ஜிங் ஹெட்டர் என்பார்கள். மொத்தம் எத்தனை ஃபிரேம், எத்தனை பைட், எந்த இடத்தில் எந்த நேரம் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பது வெறும் 100 புள்ளிகள், ஃபைல் எவ்வளவு நீளமானாலும் அதே 100தான். 5 நிமிடப் பாட்டில் 3 விநாடிக்கு ஒரு புள்ளி, போதும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் 90 விநாடிக்கு ஒரு புள்ளி. தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடம் என்று நினைத்துத் தட்டினால் கிருதியின் கடைசி வரியில் கொண்டுபோய் இறக்கும், இல்லையென்றால் தனிக்குள் கொஞ்ச தூரம் தள்ளி. ஃபைல் முழுவதையும் படித்துத் துல்லியமாகத் தாவும் பிளேயர்கள் உண்டு, எல்லாமும் அப்படி இல்லை. சிபிஆரில் இந்தப் பிரச்சினையே கிடையாது, ஒரு விநாடிக்கு இத்தனை பைட் என்று முன்கூட்டியே தெரியும், பெருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

எனவே முழுக் கச்சேரி ஒரே ஃபைலாக இருந்தால் 192 அல்லது 256 சிபிஆர். உருப்படி உருப்படியாக வெட்டி வைப்பதென்றால் விபிஆர். சொற்பொழிவு, பட்டிமன்றம், ஒலிப்புத்தகம் போன்ற பேச்சுக்கு மோனோ 64 சிபிஆரே தாராளம், ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு 320 ஸ்டீரியோ போட்டு 144 எம்பி அனுப்புகிறவர்களை நான் அறிவேன், வாட்ஸ்அப்பும் அறியும்.

இணைய ரேடியோ நடத்துகிறவர்களுக்கும் சிபிஆர்தான் வசதி. கேட்பவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை கிலோபிட் என்று பெருக்கினால் சர்வருக்கு எவ்வளவு வேண்டும் என்பது கையில் வந்துவிடும், நடுவில் தவில் வந்ததற்காகக் குழாய் திணறாது.

நான்காவது படி: எந்த எண்

லேமின் விபிஆர் அளவுகோல் வி0-இலிருந்து வி9 வரை. எண் குறையக் குறையத் தரம் கூடும், இது தலைகீழாக இருப்பதால் முதல் தடவை எல்லோரும் ஏமாறுவார்கள். வி0 சராசரியாக 245 கேபிபிஎஸ்ஸைச் சுற்றி வரும், வி2 190, வி4 165, வி5 130. சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒரு பாட்டு 210-க்கும் அடுத்தது 275-க்கும் போகும், இரண்டும் வி0தான், 275 வந்தது உயர்ந்த பாட்டு என்று அர்த்தம் இல்லை. சுருக்கக் கடினமாக இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். குறிப்பாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஜால்ரா, சிம்பல் மாதிரி கூர்மையான ஒலி நிறைய இருந்தால், எம்பி3 வடிவத்தில் அந்தப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாததால், பிட் ரேட் தேவைக்கு மேலேயே ஏறிவிடும்.

ஐந்து நிமிடப் பாட்டு 500 என்று வைத்துக்கொண்டால், 320 சிபிஆரில் 6 ஜிபி, வி0-வில் 4.6 ஜிபி, வி2-வில் 3.6 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளில் 2 ஜிபி கார்டு புழங்கிய காலத்தில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம். இன்று 64 ஜிபி பென்டிரைவ் சாதாரணம், ஆகவே இடத்துக்காக மட்டும் 320-ஐ எதிர்த்துச் சண்டை போட மாட்டேன். 320 சிபிஆர் தரத்தில் வி0-ஐவிடக் கீழே இல்லை, ஒரு மயிரிழை மேலேகூட இருக்கலாம். அந்த மயிரிழை கேட்காது என்பதுதான் என் கட்சி. லேம் எழுதியவர்களே 320-க்கு வைத்த பெயர் ‘இன்சேன்’, பைத்தியக்காரத்தனம் என்று.

128 சிபிஆர் வேண்டாம். அந்த அளவில்தான் ஃபைல் வேண்டும் என்றால் வி5 போடுங்கள், கிட்டத்தட்ட அதே இடத்தில் இன்னும் நன்றாகக் கேட்கும். விபிஆருக்கும் சிபிஆருக்கும் நடுவே ஏபிஆர் என்று ஒன்று உண்டு, சராசரி இவ்வளவு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஏற்ற இறக்கத்தை என்கோடரிடம் விடுவது. ஃபைல் அளவை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு உதவும், மற்றபடி அதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஐந்தாவது படி: அமைத்தல்

ஆடாசிட்டியில் எக்ஸ்போர்ட் ஆடியோவைத் திறந்து எம்பி3-ஐத் தேர்ந்தெடுத்தால் ‘பிட் ரேட் மோட்’ என்ற இடத்தில் ப்ரீசெட், வேரியபிள், ஆவரேஜ், கான்ஸ்டன்ட் என்று நான்கு இருக்கும். ப்ரீசெட்டில் ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது வி0, ‘ஸ்டாண்டர்டு’ என்பது வி2, ‘மீடியம்’ வி4, ‘இன்சேன்’ 320 சிபிஆர். வேரியபிளைத் தேர்ந்தெடுத்தால் 0 முதல் 9 வரை நீங்களே எண்ணைப் போடலாம். ஒரே ஒரு பாட்டுக்கு ஆடாசிட்டி சரி, நூறு பாட்டுக்கு அது ஆளில்லை.

ஒரு ஆல்பம் முழுவதையும் மாற்ற ஃப்ரீஏசியில் ஃப்ளாக் ஃபைல்களை இழுத்துப் போட்டு, என்கோடராக லேமைத் தேர்ந்தெடுத்து, அதன் அமைப்பில் அதே ப்ரீசெட் பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபூபாரில் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், கன்வெர்ட், பிறகு எம்பி3 லேம். அங்கே ஒரு தள்ளுகோல் இருக்கும், வி0 அல்லது வி2-இல் நிறுத்துங்கள். ஃபூபாருக்கு என்கோடர் தொகுப்பைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும், அதுவும் இலவசம்தான்.

வேறு எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். லோபாஸ், சாம்பிள் ரேட், குறைந்தபட்ச பிட் ரேட் என்று கை அரிக்கும். “குறைந்தபட்சம் 128-க்குக் கீழே போகாதே” என்று விபிஆருக்குக் கட்டளை போடுகிறவர்கள் உண்டு, அமைதியான இடத்தில் 32 போதும் என்று அது சரியாகவே முடிவு செய்திருக்கிறது, அதைத் தடுத்து என்ன சாதிக்கப் போகிறோம்?

ஆறாவது படி: காதை நம்புங்கள், ஆனால் சோதித்துவிட்டு

உங்களுக்கு நன்றாகப் பழகிய, கஷ்டமான ஒரு பாட்டை எடுங்கள். வேகமான தாளம், கைதட்டல், ஜால்ரா இருந்தால் நல்லது. ஃப்ளாக்கிலிருந்து வி5, வி2, வி0, 320 என்று நான்கு பிரதி செய்யுங்கள். இப்போது எது எது என்று தெரிந்துகொண்டே கேட்டால் 320 தேன் மாதிரிதான் இருக்கும், மனசு அப்படித்தான் வேலை செய்யும். அதனால் ஃபூபாரில் ஏபிஎக்ஸ் என்ற கூடுதல் கருவியை நிறுவுங்கள். அது அசலையும் பிரதியையும் காட்டிவிட்டு, இரண்டில் ஒன்றை மறைத்து வைத்து “இது எது?” என்று கேட்கும். 16 தடவை கேட்கச் சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கில் அடித்திருக்க நூற்றுக்கு நாலு வாய்ப்புகூட இல்லை, உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது. 8, 9 என்று வந்தால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வி5-ஐப் பிடித்தேன், தவில் சொல்லிக்கொடுத்தது. வி2-வில் 16-க்கு 9. அந்தச் சாயங்காலத்தோடு 320 மேல் இருந்த மோகம் போனது. இருந்தாலும் வி0தான் போடுகிறேன், காது சரியில்லாத ஒரு நாளில் சோதித்திருப்பேனோ என்ற சந்தேகத்துக்கு ஒரு காப்பீடு மாதிரி.

ஏழாவது படி: வந்த ஃபைலைச் சரிபாருங்கள்

இரண்டே இரண்டு பார்த்தால் போதும். ஒன்று, பாட்டின் நேரம் ஃப்ளாக்கின் நேரத்தோடு ஒத்துப்போகிறதா. இரண்டு, நடுவில் தாவினால் சரியான இடத்துக்குப் போகிறதா.

நேரம் தாறுமாறாக வந்தால் ஜிங் ஹெட்டர் தொலைந்துவிட்டது அல்லது பொய் சொல்கிறது என்று பொருள். எப்படித் தொலையும்? எம்பி3-ஐ மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே வெட்டும், ஒட்டும் மென்பொருள்களில் சில ஹெட்டரைக் கவனிக்காது. இரண்டு பாட்டை ஒட்டினால் முதல் பாட்டின் ஹெட்டர் முதல் பாட்டின் நேரத்தை மட்டும்தான் சொல்லும், இரண்டாவது பாட்டு இருக்கிறது என்றே பிளேயருக்குத் தெரியாது. ஹெட்டரே போய், தொடக்கத்தில் 32 கேபிபிஎஸ் அமைதி ஃபிரேம் முன்னால் வந்துவிட்டால், அதே 5 நிமிட வி0 பாட்டை 38 நிமிடம் என்று காட்டும். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஃபைலை அழித்துவிடாதீர்கள். ஃபூபாரில் ரைட் கிளிக் செய்து யுடிலிட்டீஸ் என்ற இடத்தில் விபிஆர் ஹெட்டரைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது, ஒரு நொடி வேலை, ஒலி எதுவும் மாறாது.

அந்த ஹெட்டருக்குள் லேம் இன்னொன்றையும் எழுதி வைக்கிறது, பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எத்தனை சாம்பிள் வெறும் நிரப்பல் என்று. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் டிராக் பிரிந்திருந்தால், இதைப் படிக்கும் பிளேயர் இடைவெளி இல்லாமல் தொடரும், படிக்காதது ஒரு சின்ன விக்கல் விக்கிவிட்டுத் தொடரும். சிபிஆர் ஃபைலிலும் லேம் இதை எழுதும், ஆகவே இது விபிஆர்காரர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை.

எம்பி3 அல்லாத மற்றவை

ஆப்பிள் கடை 2007 முதல் விற்றுவரும் 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைல்களைத் திறந்து பார்த்தால் அவையும் விபிஆர்தான், கொஞ்சம் கடிவாளம் போட்ட விபிஆர். வார்பிஸ் என்கிற இன்னொரு ஒலி வடிவம் தரத்தை வைத்தே அளப்பது, அங்கே 5 என்றால் சுமார் 160. எம்பி3-இல் பழகியவர்கள் கவனிக்க, இங்கே எண் கூடினால் தரம் கூடும். 2012-ல் தரநிர்ணயமாக வந்த ஓபஸ் என்கிற வடிவம் நீங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் விபிஆரில்தான் போடும். போனில் மட்டும் கேட்கிறவர்கள் 128 ஓபஸ் போட்டால் வி0 எடுக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியிலேயே வேலை முடிந்தது. கார் ஸ்டீரியோவில் ஓபஸ் பாடும் என்று நம்பி ஒரு பென்டிரைவ் முழுக்க நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறாதீர்கள், நானூறு கிலோமீட்டர் எஃப்எம்தான் கிடைக்கும். முதலில் ஒரே ஒரு பாட்டை ஏற்றி, வீட்டு வாசலிலேயே வண்டியில் போட்டுப் பார்த்துவிட்டு, நேரமும் தாவலும் சரியாக இருந்தால் மிச்சத்தை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.